மண்டியிட்டவனின் முதுகுக்குப் பின்னால்

ஒரு ராஜா தனியாக மண்டியிட்டிருக்கிறான். கூப்பிய கை, குனிந்த தலை. காவலுக்கு ஆள் இல்லை. அந்தப் பக்கமாகப் போகிற இளைஞன் ஒருவன் அவனைப் பார்த்துவிட்டு நிற்கிறான். இளைஞனின் இடுப்பில் வாள். மண்டியிட்டிருப்பவன்தான் தன் அப்பாவைக் கொன்றவன் என்பது சற்றுமுன்தான் அவனுக்கு உறுதியாகியிருக்கிறது. "இப்போதே முடித்துவிடலாம், பிரார்த்தனையில் இருக்கிறான்" என்று வாளை உருவுகிறான். உருவிய பிறகு யோசிக்கிறான். யோசித்து முடித்ததும் வாளை உறையில் போட்டுக்கொண்டு அம்மாவின் அறைப் பக்கம் நடந்துவிடுகிறான்.

ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்', 3ஆம் அங்கம், 3ஆம் காட்சி. வாளோடு நிற்பவன் டென்மார்க்கின் இளவரசன் ஹாம்லெட். மண்டியிட்டிருப்பவன் அவன் சித்தப்பன் கிளாடியஸ், ஹாம்லெட்டின் அப்பாவைக் கொன்று அரியணையேறி, ஹாம்லெட்டின் அம்மா கெர்ட்ரூட்டையும் மணந்துகொண்டவன். ஆங்கில இலக்கியம் எடுத்துப் படித்தவர்கள் "ஹாம்லெட்டின் தாமதத்துக்குக் காரணம் என்ன?" என்ற கேள்விக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பதில் எழுதியிருப்பார்கள். நானும் எழுதினேன், நோட்ஸில் இருந்தபடியே: சிந்தனை மிகுதி, செயல் குறைவு, மென்மையான உள்ளம், மனச்சோர்வு. மதிப்பெண்ணும் மோசமில்லை. பல வருஷம் கழித்துத் தேர்வுப் பயமில்லாமல் நாடகத்தைத் திரும்பப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியே கோணலாகக் கேட்கப்பட்டது என்று பட்டது. வேலையை ஏன் தள்ளிப்போட்டான் என்று கேட்கிறோம். கொடுத்த வேலை என்ன என்று கேட்பதில்லை. ஹாம்லெட்டிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையைச் சொன்னபடி செய்துமுடிக்க எவனாலும் முடியாது என்பதுதான் இந்த நாடகத்தின் முடிச்சு என்று நினைக்கிறேன்.

பழிவாங்கும் நாடகம் என்பது அன்றைய லண்டனில் கல்லா நிரப்பும் சரக்கு. ரோமானிய எழுத்தாளர் செனெகாவின் ரத்தம் சொட்டும் துன்பியல்களைப் படித்து வளர்ந்த தலைமுறை அது. 1580களில் தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிஷ் துன்பியல்' இந்த வகைக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது. கொலையுண்டவனின் ஆவி, ரகசியக் கொலையாளி, துக்கத்தில் பித்துப்பிடிக்கும் பழிவாங்குபவன், நாடகத்துக்குள் ஒரு நாடகம், கடைசியில் மேடை நிறையப் பிணம். ஹாம்லெட் கதையே ஷேக்ஸ்பியருக்கு முன்னால் மேடையேறியிருக்கிறது. இன்று கிடைக்காத அந்தப் பழைய நாடகத்தில் ஆவி "ஹாம்லெட், பழிவாங்கு!" என்று சிப்பி விற்கிறவளைப் போலக் கூவியதாக 1596இல் தாமஸ் லாட்ஜ் கிண்டலடித்து எழுதியிருக்கிறார். ஷேக்ஸ்பியரின் நாடகம் 1600ஐ ஒட்டி வந்தபோது பார்வையாளர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. யார் சாவார்கள் என்பது தெரியும். எப்படி என்று பார்க்கத்தான் காசு கொடுத்தார்கள்.

அந்தப் பார்வையாளர்கள் எப்படிப்பட்ட சமூகத்திலிருந்து வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் "பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று கேட்பார்கள். சட்டமும் அதையே சொன்னது: தண்டிப்பது அரசின் வேலை, உன் வேலை இல்லை. பழிவாங்கல் ஒருவகைக் காட்டுநீதி, மனித சுபாவம் அதன் பக்கம் ஓட ஓடச் சட்டம் அதைக் களையெடுக்க வேண்டும் என்று ஃபிரான்சிஸ் பேக்கன் பின்னாளில், 1625இல், எழுதினார். அதே நாட்டில் 1584இல், எலிசபெத் ராணியைக் கொல்ல முயல்கிறவர்களையும் அந்தக் கொலையால் அரியணை தேடுகிறவர்களையும் விடாமல் துரத்திக் கொல்வோம் என்று பிரபுக்களும் கனவான்களும் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுச் சத்தியம் செய்தார்கள். அரசே கேட்டு வாங்கிய பழிவாங்கும் சத்தியம். ஆக, பழிவாங்கல் பாவம் என்பதும் அப்பனுக்காகப் பழிவாங்காதவன் மகனே இல்லை என்பதும் ஒரே மண்டைக்குள் குடியிருந்தன.

இதைக் கிட் நன்றாகப் பிடித்துவைத்திருந்தார். அவருடைய நாயகன் ஹியரோனிமோ தொழிலால் நீதிபதி. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறவன், தன் மகன் கொலைக்கு நியாயம் கேட்டு அரசனை நெருங்கக்கூட முடியாமல் அலைகிறான். ஹாம்லெட்டின் நிலை இதைவிடச் சிக்கல். கொலைகாரனே அரசன். வழக்குப் போட வேண்டிய வாசலில் குற்றவாளி கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறான். சட்டத்தின் கதவு மூடியிருக்கும்போது காட்டுநீதிக்கும் நீதிக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது?

மூலக்கதையில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. 1200ஐ ஒட்டி டென்மார்க்கின் சாக்ஸோ கிரமேட்டிகஸ் லத்தீனில் எழுதிவைத்த கதையில் நாயகன் பெயர் ஆம்லெத். அவன் அப்பாவைச் சித்தப்பன் கொன்றது ஊரறிந்த விஷயம். ஆவி வந்து சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆம்லெத் சிறுவன், உயிர்தப்பப் பைத்தியம்போல் நடிக்கிறான், காலம் பார்க்கிறான், ஒருநாள் மண்டபத்தில் குடித்துக் கிடந்தவர்களோடு சேர்த்துக் கட்டடத்தைக் கொளுத்திவிட்டுச் சித்தப்பனை வெட்டுகிறான். அதற்காக மக்கள் அவனைக் கொண்டாடி அரசனாக்குகிறார்கள். மனச்சாட்சி என்ற பேச்சுக்கே இடமில்லாத, கைகால் சுத்தமான கதை.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் இதிலிருந்து பெரிய மாற்றம், கொலை ரகசியமாக இருப்பது. தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று நாடே நம்புகிறது. உண்மையில் காதில் விஷம் ஊற்றப்பட்டது. சாட்சி ஒருவர்தான், கொலையுண்டவரின் ஆவி. அந்த ஆவியும் தான் பகலெல்லாம் நெருப்பில் வெந்து பாவம் கழிக்கிறேன் என்கிறது. கத்தோலிக்கர்கள் சொல்லும் உத்தரிக்கும் ஸ்தலம் அது. இங்கிலாந்துத் திருச்சபையோ தன் 39 கோட்பாடுகளில் அப்படி ஓர் இடம் இருப்பதாகச் சொல்வது வீண் கற்பனை என்று எழுதிவைத்துவிட்டது. போதாக்குறைக்கு ஹாம்லெட் படிப்பது விட்டன்பர்க்கில், மார்ட்டின் லூதரின் ஊரில். அங்கே படித்த பிள்ளைக்கு, இல்லாத இடத்திலிருந்து வந்து நிற்கும் அப்பா! அது அப்பாவாக இருக்கலாம், அப்பா வேஷம் போட்ட சாத்தானாகவும் இருக்கலாம். "என் பலவீனத்தையும் துயரத்தையும் பயன்படுத்தி என்னை நரகத்துக்கு இழுக்கிறதோ" என்று அவன் சந்தேகப்படுவதைக் கோழையின் சாக்கு என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அன்றைய புராட்டஸ்டன்ட் பிள்ளைக்கு அதுதான் புத்தியுள்ள கேள்வி. பேயின் வாக்கை மட்டும் நம்பி ஒரு மனிதனைக் கொல்லலாமா?

சரி, ஆவி உண்மைதான் என்று வைத்துக்கொள்வோம். அது இட்ட கட்டளையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். "இந்த இயற்கைக்கு மாறான கொடிய கொலைக்குப் பழிவாங்கு." இது ஒன்று. "டென்மார்க்கின் அரச மஞ்சம் முறைகெட்ட உறவின் படுக்கையாகக் கிடக்க விடாதே." இது இரண்டு. அடுத்து வருவதுதான் கொக்கி: "எப்படிச் செய்தாலும் உன் மனசைக் கறைப்படுத்திக்கொள்ளாதே, உன் தாய்க்கு எதிராக உன் உள்ளம் எதையும் திட்டமிட வேண்டாம், அவளைக் கடவுளிடம் விட்டுவிடு." அம்மாவின் படுக்கையைச் சுத்தம் செய்ய வேண்டும், அம்மாவைத் தொடக்கூடாது. ராஜாவைக் கொல்ல வேண்டும், மனசில் கறை படக்கூடாது. ரத்தத்தில் கை நனைக்கச் சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு வா என்கிறார் அப்பா.

முறைகெட்ட உறவு என்ற சொல் அந்த ஊரில் சும்மா விழுந்திருக்காது. எட்டாம் ஹென்றி தன் அண்ணன் ஆர்தரின் விதவை கேத்தரினை மணந்தவர். பிறகு அந்தத் திருமணமே செல்லாது, அண்ணன் மனைவியை மணந்தது பாவம் என்று வாதாடி 1533இல் ரத்து வாங்கி ஆன் பொலினை அரசியாக்கினார். ஆனின் மகள்தான் எலிசபெத். இறந்த சகோதரனின் மனைவியை மணப்பது பாவம் என்பது உறுதிப்பட்டால்தான் அன்றைய ராணியின் பிறப்பே சட்டப்படி நிற்கும். கெர்ட்ரூட்டின் இரண்டாம் திருமணத்தை இன்றைய வாசகர் "பாவம், அவளுக்கும் ஒரு துணை வேண்டாமா" என்று எளிதாகக் கடந்துவிடலாம். அன்றைக்கு அது அரசியலின் நடுநரம்பு.

நம் மொழியில் இந்த நாடகத்தைச் சொல்லும்போது ஒரு வேடிக்கை. நாடகத்தில் கிளாடியஸ் அப்பாவின் சகோதரன் என்று மட்டும்தான் இருக்கிறது. மூத்தவனோ இளையவனோ என்று சொல்லாமல் தமிழில் ஒரு வரி நகராது. அண்ணன் அரசனாக இருந்திருப்பான் என்று ஊகித்துச் சித்தப்பா என்கிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஓர் அப்பா உட்கார்ந்திருக்கிறார். "ஹாம்லெட், உன் அப்பாவின் மனசை ரொம்பவும் நோகடித்துவிட்டாய்" என்று கெர்ட்ரூட் புதுக் கணவனைச் சொல்ல, "அம்மா, என் அப்பாவின் மனசை நீங்கள் ரொம்பவும் நோகடித்துவிட்டீர்கள்" என்று அவன் திருப்பிக் கொடுக்கும் இடம் தமிழில் இன்னும் கொஞ்சம் கூர்மையாகவே விழுகிறது. பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை 'அமலாதித்யன்' என்று தமிழாக்கித் தானே நாயகனாக நடித்தார். அமலன் என்றால் மாசற்றவன். "மனசைக் கறைப்படுத்திக்கொள்ளாதே" என்று கேட்டுக்கொண்ட பிள்ளைக்கு இந்தப் பெயர் தெரிந்து வைத்ததோ, ஒலிக்காக வைத்ததோ, பொருத்தமாக அமைந்துவிட்டது.

ஆவியின் சொல்லைச் சோதிக்க ஹாம்லெட் ஒரு வழி கண்டுபிடிக்கிறான். அரண்மனைக்கு வந்த நடிகர்களைக்கொண்டு, தூங்கும் அரசனின் காதில் விஷம் ஊற்றும் கதையை கிளாடியஸின் முன்னால் நடிக்கச் செய்வது. முகம் காட்டிக்கொடுத்துவிடும். பாடப்புத்தகங்கள் இதைக் கெட்டிக்காரத்தனமான பொறி என்று சொல்லி நகர்ந்துவிடும். ஆனால் அந்தக் காட்சியில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. விஷக்குப்பியோடு மேடைக்கு வரும் பாத்திரத்தைக் காட்டி ஹாம்லெட்டே அறிமுகம் சொல்கிறான்: "இவன் லூசியானஸ், அரசனுக்கு அண்ணன் மகன்."

தம்பி என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். கிளாடியஸ் செய்த கொலை தம்பி செய்த கொலை. அண்ணன் மகன் அரசனைக் கொல்கிறான் என்றால் அது நடந்த கொலையின் படம் இல்லை, நடக்கப்போகும் கொலையின் படம். மேடையில் குப்பியோடு நிற்பவன் ஒரே உடம்பில் கிளாடியஸாகவும் ஹாம்லெட்டாகவும் நிற்கிறான். அரசவை என்ன பார்த்திருக்கும்? சித்தப்பனைக் கொல்வேன் என்று இளவரசன் எல்லோர் முன்னாலும் மிரட்டியதைத்தான். அடுத்த காட்சியிலேயே ஹாம்லெட்டின் பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் அரசரின் உயிருக்கு ஆபத்து என்று பதறுவது அதனால்தான். கிளாடியஸ் துள்ளி எழுந்து விளக்கு கேட்டது குற்ற உணர்வாலா, உயிர்ப் பயத்தாலா? ஹாம்லெட் முதலாவதுதான் என்று ஆயிரம் பவுன் பந்தயம் கட்டுகிறான். அவனுக்குக் கிடைத்த சான்றில் கீறல் இருக்கிறது. அந்தக் கீறலைப் போட்டவனும் அவனேதான். கொலையாளிக்கும் பழிவாங்குபவனுக்கும் ஒரே முகத்தை வரையும்போது அவன் அறிந்து வரைந்தானா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இப்போது மண்டியிட்டவனிடம் திரும்புவோம். ஹாம்லெட் வந்து சேர்வதற்கு முன் கிளாடியஸ் தனியாகப் பேசுகிறான். நாடகத்திலேயே மிக நேர்மையான பேச்சு என்று இதைத்தான் சொல்வேன். "என் குற்றத்தின் நாற்றம் வானம்வரை போகிறது, மிக ஆதியான சாபம் அதன்மேல் இருக்கிறது, சகோதரக் கொலை." காயீன் ஆபேலைக் கொன்ற கதை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. என்ன சொல்லிக் கேட்பது? கிரீடம் தலையில் இருக்கிறது, ஆசை நெஞ்சில் இருக்கிறது, ராணி பக்கத்தில் இருக்கிறாள். "குற்றத்தால் சம்பாதித்ததை வைத்துக்கொண்டே மன்னிப்பும் பெற முடியுமா?" என்று கேட்டுவிட்டு, பூமியில் லஞ்சத்தால் சட்டத்தை வாங்கலாம், மேலே அது செல்லாது என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறான். பழிவாங்கும் நாடகத்தின் வில்லனுக்கு இவ்வளவு உள்மனம் தேவையே இல்லை. மீசையை முறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ஷேக்ஸ்பியர் அவனுக்கும் ஒரு மனச்சாட்சியைக் கொடுத்து, அதைக் கசக்கிப் பிழிகிறார்.

ஹாம்லெட் இந்தப் பேச்சைக் கேட்கவில்லை. அவன் வரும்போது வாய்மொழி முடிந்து மௌனம் தொடங்கிவிட்டது. ஒப்புதல் வாக்குமூலம் முழுவதும் பார்வையாளர்களுக்கு மட்டுமே. வழக்கின் ஒரே நேரடிச் சான்று விசாரிப்பவனின் காதில் விழாமலே போகிறது.

அவன் வாளைத் திருப்பிப் போடுவதற்குச் சொல்லும் காரணம்தான் பலரை உறுத்தியது. இரக்கம் கிடையாது, பயம் கிடையாது. "என் அப்பா பாவங்கள் பூத்துக் குலுங்கிய நேரத்தில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது, பாவமன்னிப்புக்கு அவகாசமின்றிக் கொல்லப்பட்டார். இவன் பிரார்த்தனையில் இருக்கிறான். இப்போது கொன்றால் நேராக சொர்க்கம் போவான். இது பழிவாங்கலா? இது கூலி கொடுப்பது." குடித்துக் கிடக்கும்போது, சூதாடும்போது, படுக்கையில் இருக்கும்போது வெட்டினால்தான் நரகம் நிச்சயம். அதுவரை காத்திரு வாளே. 1765இல் ஷேக்ஸ்பியரைப் பதிப்பித்த சாமுவேல் ஜான்சன், ரத்தத்துக்கு ரத்தம் போதாதென்று ஆன்மாவின் நரகத்துக்கே திட்டம் போடும் இந்தப் பேச்சு படிக்கவோ சொல்லவோ முடியாத அளவு கொடூரமானது என்று எழுதினார். பின்னால் வந்த விமர்சகர்களுக்கு ஹாம்லெட்டை அப்படி விட்டுவிட மனமில்லை. அவன் உண்மையில் கொல்ல விரும்பவில்லை, கொடூரமாகப் பேசித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான் என்று சமாதானம் கண்டார்கள்.

எனக்கு ஜான்சன் பக்கம்தான் சாய்வு. ஹாம்லெட் அங்கே மனதாரப் பேசுகிறான். அப்பாவின் கட்டளையிலிருந்த "மனசைக் கறைப்படுத்தாதே" அந்த இடத்தில்தான் முதலில் உடைகிறது, அதுவும் அவன் யாரையும் கொல்லாமல் விட்ட நேரத்தில். நாடகம் இதோடு நிற்பதில்லை. அவன் போனதும் கிளாடியஸ் எழுந்து, "என் சொற்கள் மேலே பறக்கின்றன, நினைப்பு கீழேயே கிடக்கிறது" என்கிறான். பிரார்த்தனை பலிக்கவே இல்லை. ஹாம்லெட் தன் கணக்குப்படியே அப்போது வெட்டியிருந்தால் நரகம்தான். எட்டிப்பார்க்க முடியாத ஒரு நெஞ்சுக்குள் எட்டிப்பார்த்ததாக எண்ணி முடிவெடுத்தான்.

அடுத்த சில நிமிடங்களில் அம்மாவின் அறையில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்க, யாரென்று பாராமல் குத்துகிறான். விழுந்தது கிழட்டு மந்திரி பொலோனியஸ். யோசித்தபோது கொல்லவில்லை, கொன்றபோது யோசிக்கவில்லை. அந்த ஒரு குத்தில் ஹாம்லெட்டின் இடம் மாறிவிட்டது. இப்போது அவனும் ஒருவனுக்குத் தகப்பனைக் கொன்றவன்.

அந்த ஒருவன் லேயர்ட்டீஸ். பிரான்சிலிருந்து புயல்போல வருகிறான். "மனச்சாட்சியும் தெய்வ அருளும் பாதாளத்துக்குப் போகட்டும், நரகத்துக்கும் துணிந்துவிட்டேன்" என்று கத்துகிறான். ஹாம்லெட்டை என்ன செய்வாய் என்று கிளாடியஸ் கேட்க, "தேவாலயத்திலேயே அவன் கழுத்தை அறுப்பேன்" என்கிறான். அதற்கு கிளாடியஸ் சொல்லும் பதில்: "சரிதான், எந்த இடமும் கொலைக்குப் புகலிடம் தரக்கூடாது, பழிவாங்கலுக்கு எல்லை இருக்கக்கூடாது." பிரார்த்தனையில் மண்டியிட்டிருந்ததால் உயிர்பிழைத்தவனின் வாயிலிருந்து இது வருகிறது. தான் பிழைத்த கதை அவனுக்கே தெரியாது. சிரிப்பதா நடுங்குவதா என்று தெரியாத இடம்.

தயங்காத ஹாம்லெட் வேண்டும் என்றால் லேயர்ட்டீஸைப் பார்த்துக்கொள்ளலாம். தயங்காதவன் என்ன ஆகிறான்? ஒரே காட்சிக்குள், கொலைகாரனின் கைக்கருவியாகி, வாள்முனையில் விஷம் தடவுகிறேன் என்று தானே முன்வருகிறான், விஷத்தையும் அவனே வாங்கிவைத்திருக்கிறான். ஆயினும் கடைசிப் போட்டியில் குத்தப் போகும் முன் தனக்குள் முணுமுணுக்கிறான்: "இது என் மனச்சாட்சிக்கு ஏறக்குறைய விரோதமானதுதான்." பாதாளத்துக்கு அனுப்பியது அத்தனை தூரம் ஏறித் திரும்பி வந்து நிற்கிறது.

தகப்பனை இழந்த பிள்ளைகள் இன்னும் இருவர் உண்டு. நார்வேயின் ஃபோர்டின்பிராஸ், ஹாம்லெட்டின் அப்பா கையால் தன் அப்பாவை இழந்தவன். அவனை இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை, தன் சித்தப்பா தடுத்ததும் படையைப் போலந்துப் பக்கம் திருப்பிவிட்டவன். இன்னொருவன் நடிகர் ஒருவர் ஒப்பிக்கும் டிராய்க் கதையில் வரும் பிர்ரஸ். அப்பா அக்கிலீஸுக்காகப் பழிவாங்கப் புறப்பட்டவன், உடம்பெல்லாம் உறைந்த ரத்தத்தோடு கிழவன் பிரியாமின் முன் வாளை ஓங்குகிறான். ஓங்கிய வாள் காற்றில் அப்படியே நின்றுவிடுகிறது, சித்திரத்தில் எழுதிய கொடுங்கோலனைப் போல ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். பிறகு வெட்டுகிறான். பிரியாமின் மனைவி ஹெக்யூபா அலறுகிறாள். ஹாம்லெட் விரும்பிக் கேட்டு வாங்கிய வசனம் இது. பழிவாங்கும் மகன் வெளியிலிருந்து பார்த்தால் எப்படியிருப்பான் என்பதற்கு அந்தப் படம் போதும். கேட்டு முடித்ததும் ஹாம்லெட், இந்த நடிகன் ஹெக்யூபாவுக்காக அழுகிறான், நான் அப்பாவுக்காக ஒன்றும் செய்யவில்லையே என்று தன்னைத் திட்டிக்கொள்கிறான். ஹெக்யூபா அழுதது பழிவாங்கிய மகனின் வாளால் என்பது அவன் வாயில் வருவதில்லை.

"இருப்பதா, இல்லாமற்போவதா" பேச்சைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், அதைப்பற்றி எழுதாதவர் இல்லை. அந்தப் பேச்சில் "நான்" என்ற சொல் வருவதே இல்லை, கொலையும் இல்லை, அப்பாவும் இல்லை. "இப்படித்தான் மனச்சாட்சி நம் எல்லோரையும் கோழைகளாக்குகிறது" என்ற வரியில் ஷேக்ஸ்பியர் போட்ட சொல்லுக்கு அன்று இரண்டு பொருள்: நல்லது கெட்டது சொல்லும் உள்குரல் ஒன்று, வெறும் உணர்வு, யோசனை என்பது மற்றொன்று. விமர்சகர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். மேடையில் கேட்கிறவனுக்கு இரண்டும் சேர்ந்தே காதில் விழும்.

கறை முற்றிலும் ஊறியதற்கு வேறோர் இடம் சாட்சி. கிளாடியஸ் ஹாம்லெட்டை இங்கிலாந்துக்கு அனுப்புகிறான், துணைக்குப் பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும். அவர்கள் கொண்டுபோகும் கடிதத்தில், வந்ததும் ஹாம்லெட்டின் தலையை வெட்டவும் என்று எழுதியிருக்கிறது. இரவில் தூக்கம் வராத ஹாம்லெட் கப்பலில் இருட்டில் துழாவி அதை எடுத்துப் படிக்கிறான். புதிதாக ஒரு கடிதம் அழகான கையெழுத்தில் எழுதுகிறான்: இதைக் கொண்டுவருகிறவர்களை உடனே கொல்லவும், பாவமன்னிப்புக்குக்கூட நேரம் தர வேண்டாம்.

பாவமன்னிப்புக்கு நேரம் தராமல். அப்பாவின் ஆவி எதைச் சொல்லிக் கதறியதோ, அப்பாவுக்கு நேர்ந்த கொடுமைகளிலெல்லாம் பெரியது எதுவோ, அதை மகன் இரண்டு நண்பர்களுக்கு வரிபிசகாமல் எழுதித் தருகிறான். கடிதத்துக்கு முத்திரை வேண்டுமே? அவன் பையில் அப்பாவின் முத்திரை மோதிரம் இருந்தது. அதைத்தான் அழுத்தினான். "அதிலும் கடவுள் துணையிருந்தார்" என்கிறான் நண்பன் ஹொரேஷியோவிடம். தங்கள் கையிலிருந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அந்த இருவருக்கும் தெரியும் என்று நாடகத்தில் ஓரிடத்திலும் இல்லை. "அப்போ அவர்கள் சாவுக்குப் போகிறார்கள்" என்று ஹொரேஷியோ மெதுவாகச் சொல்ல, ஹாம்லெட், "அந்த வேலையை அவர்களே விரும்பித்தான் ஏற்றார்கள், அவர்கள் என் மனச்சாட்சிக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை" என்கிறான். இரண்டரை மணிநேரம் மனச்சாட்சியோடு மல்லாடியவன் வாயில் இந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிடும். கடல் பயணத்துக்குப் பின் ஹாம்லெட் அமைதியடைந்துவிட்டான், சிட்டுக்குருவி விழுவதிலும் தெய்வச் சித்தம் உண்டென்று தெளிந்துவிட்டான் என்பார்கள். தெளிந்திருக்கலாம். அமைதி எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

கடைசிக் காட்சி அவசரமாக நடந்துவிடுகிறது. விஷம் தடவிய வாள், விஷம் கலந்த கோப்பை. கெர்ட்ரூட் குடித்து விழுகிறாள். வாள்கள் கைமாறி லேயர்ட்டீஸும் ஹாம்லெட்டும் வெட்டுப்படுகிறார்கள். "எல்லாம் அரசன் செய்தது" என்று லேயர்ட்டீஸ் சொன்ன கணத்தில்தான் ஹாம்லெட் கிளாடியஸைக் குத்துகிறான், மீதி விஷத்தையும் வாயில் ஊற்றுகிறான். திட்டம் எதுவும் இல்லை. குத்தும்போது அப்பாவின் பெயரையும் சொல்வதில்லை, ஆவியின் பேச்சும் எடுப்பதில்லை. கிளாடியஸ் பிரார்த்தனைக்கு நேரமில்லாமல் சாகிறான், அன்று ஆசைப்பட்டபடியே. அதையும் ஹாம்லெட் கவனித்ததாகத் தெரியவில்லை. கிட்டின் நாடகத்தில் ஆவி மேடையோரமாகக் கடைசிவரை உட்கார்ந்து வேடிக்கை பார்த்து, பிணங்களை எண்ணி மகிழும். இங்கே ஆவி வரவே இல்லை. மாறாக, செத்துக்கொண்டிருக்கும் லேயர்ட்டீஸ், "மன்னிப்பை மாற்றிக்கொள்வோம் ஹாம்லெட், என் சாவும் என் அப்பாவின் சாவும் உன்மேல் வர வேண்டாம், உன் சாவு என்மேல் வர வேண்டாம்" என்கிறான். ஹாம்லெட் ஒப்புக்கொள்கிறான். ஒருவனுக்கொருவன் பழிவாங்கக் கடமைப்பட்ட இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு அரை நிமிட உயிர் இருக்கும்போது, ஒரு பாதிரியாரும் இல்லாமல் பாவமன்னிப்பு கொடுத்துக்கொள்கிறார்கள்.

ஹொரேஷியோவும் மிச்ச விஷத்தைக் குடிக்கப் போகிறான். ஹாம்லெட் தடுத்து, என் கதையைச் சரியாகச் சொல்ல நீ இரு என்று கேட்டுக்கொள்கிறான். ஃபோர்டின்பிராஸ் படையோடு வந்து, வாள் உருவாமலே ஒரு ராஜ்யத்தை எடுத்துக்கொள்கிறான். கூடவே இங்கிலாந்தின் தூதர்கள். பிணங்களைப் பார்த்துத் திகைத்து, "தாமதமாக வந்துவிட்டோம், ரோசன்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் ஆணைப்படி கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று சொல்ல வந்தோம், நன்றியை யாரிடம் பெறுவது?" என்று கேட்கிறார்கள். ஹொரேஷியோ கிளாடியஸின் பிணத்தைக் குறித்துப் பதில் சொல்கிறான்: "அவர் உயிரோடிருந்தாலும் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்க மாட்டார். அவர்களைக் கொல்லும்படி அவர் ஆணையிடவே இல்லை." ஆணையிட்டது யார் என்று ஹொரேஷியோவுக்குத் தெரியும். நடந்ததையெல்லாம் உள்ளபடி சொல்வேன் என்று அடுத்த மூச்சிலேயே ஆரம்பிக்கிறவன், அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை.